பார்க்காமலே மூலம் என்று சொல்லிவிட வேண்டாம்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 28. திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இன்னும் திருமணம் ஆகவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கிழிப்பதுபோல வலி வந்தது, கூடவே ரத்தம். ‘உடம்புச் சூடு, மூலமாக இருக்கும்’ என்று அம்மா மோரும் வெந்தயமும் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஓர் ஆயின்ட்மென்ட் வாங்கிப் போட்டேன். வலி குறைந்தது. ஆனால் இரண்டு மாதமாக வேறு மாதிரி இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை போக வேண்டியிருக்கிறது. சளியோடு ரத்தம் கலந்து வருகிறது. வலி இல்லை. போன வாரம் இரண்டு நாள் ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பக்கத்து கிளினிக்கில் சொன்னேன். அவர் பரிசோதிக்கவில்லை, கேட்டுவிட்டு மூலத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் அப்பா குடல் புற்றுநோயில் 46 வயதில் இறந்தார். கண்டுபிடித்தபோது அவருக்கு 45. அவருக்கும் முதலில் மூலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அதுதானா? இந்த வயதில் வருமா? காட்டிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. காட்டாமல் மருந்து சொல்ல முடியுமா?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. காட்டாமல் மருந்து சொன்னால் அந்த கிளினிக்கில் நடந்ததையேதான் நானும் செய்தவன் ஆவேன். ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அந்தப் பரிசோதனை பெரிய விஷயம் இல்லை. அதை விவரமாகவே சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் ஒரே நோய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதல் நான்கு மாதம் ஒன்று, இந்த இரண்டு மாதம் இன்னொன்று. இரண்டையும் ‘மூலம்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டதுதான் சிக்கல்.

ஆறு மாதத்துக்கு முன்னால் வந்தது அநேகமாக மூலமே இல்லை. கண்ணாடித் துண்டு கிழிப்பதுபோல என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஆசனவாய் வெடிப்புக்கு நோயாளிகள் எல்லோரும் சொல்கிற வார்த்தை. கெட்டியான மலம் வெளியேறும்போது ஆசனவாயின் விளிம்பில் தோல் கிழிந்துவிடுகிறது. பெரும்பாலும் பின்பக்கம் நடுவில்தான் கிழியும், ஏனென்றால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு. கிழிந்ததும் உள்ளே இருக்கிற சுருக்குத்தசை வலியில் இறுகிக்கொள்ளும். இறுகினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும், புண் ஆறாது. மறுநாள் போகப் பயந்து அடக்குவோம், மலம் இன்னும் கெட்டியாகும், மறுபடி கிழியும். போய்விட்டு வந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரிச்சல் இருந்திருக்குமே? இளம் வயதில் வலியோடு ரத்தம் வந்தால் மருத்துவர் முதலில் நினைப்பது இதைத்தான். நாள்பட்டால் வெடிப்பின் ஓரத்தில் தோல் சின்னதாகத் தடித்துத் தொங்கும். கழுவும்போது அது கையில் தட்டுப்படும். ‘மூலம் வெளியே வந்துவிட்டது’ என்று பலர் ஓடி வருவது அந்தத் தோலைத் தொட்டுவிட்டுத்தான்.

உண்மையான உள்மூலம் வேறு. ஆசனவாய்க்குள் எல்லோருக்கும் இயல்பாகவே இருக்கிற ரத்தநாள மெத்தைகள் வீங்கிச் சரிவதுதான் மூலம். அந்த இடத்தில் வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால் வலியே இல்லாமல், மலம் போன பிறகு சொட்டுச் சொட்டாக, சில சமயம் பீய்ச்சியடித்ததுபோல, பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வரும். பெரும்பாலும் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்து கட்டிக்கொண்டால்தான் நீலம் பாய்ந்த கட்டியும் தாங்க முடியாத வலியும் வரும். ஊரில் வழக்கு இதற்கு நேர் தலைகீழ்: வலித்தால் மூலம், வலிக்காவிட்டால் சூடு.

இன்னொன்று. மருத்துவப் பாடப்புத்தகங்களில் ‘துடைக்கும் காகிதத்தில் ரத்தக் கறை’ என்று எழுதியிருக்கும். நாம் தண்ணீரில் கழுவுகிறவர்கள், அந்த அடையாளம் நமக்குக் கிடைக்காது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் தேங்கிய தண்ணீரில் நாலு சொட்டு விழுந்தாலும் கிண்ணம் முழுக்கச் சிவந்து போகும், பார்க்கிறவருக்கு மயக்கமே வரும். இந்தியக் கழிப்பறையில் தண்ணீரை ஊற்றிவிட்டால் நிறைய ரத்தம்கூடக் கண்ணில் படாமல் போய்விடும். ஆகவே எவ்வளவு வந்தது என்பதைவிட எப்படி வந்தது என்று கவனிப்பது எனக்கு அதிகம் உதவும். மலத்தின் மேல் கோடுபோல ஒட்டியிருந்ததா, கடைசியில் தனியாகச் சொட்டியதா, மலத்தோடும் சளியோடும் கலந்து வந்ததா?

நீங்கள் கலந்து வருகிறது என்கிறீர்கள். அங்கேதான் நான் உங்கள் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

வெடிப்போ மூலமோ ஒருவரை நாளைக்கு ஐந்து தடவை ஓட வைக்காது. தூக்கத்திலிருந்து எழுப்பாது. ராத்திரியில் எழுந்து போக வேண்டியிருந்தால், மலக்குடலின் உள்சுவரோ அதற்கு மேலே பெருங்குடலோ புண்ணாகி இருக்கிறது என்றுதான் மருத்துவர் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வயதில் இதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது புற்றுநோயை இல்லை, பெருங்குடல் அழற்சிப் புண் நோயை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலின் உள்தோலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். 15 வயதுக்கும் 35 வயதுக்கும் நடுவில்தான் அதிகம் தொடங்குகிறது. மேலைநாட்டு நோய் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்று நம் ஊர் குடல் நோய்ப் பிரிவுகளில் இது அன்றாடம் பார்க்கிற நோய். நோய் மலக்குடலோடு நின்றிருந்தால் மெசலமைன் என்ற மருந்தை ஆசனவாய் வழியாக வைப்பதிலேயே பலருக்கு ரத்தம் நின்றுவிடும். உங்களுக்குத் திருமணம் ஆகவில்லை என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இந்த நோய் கட்டுப்பாட்டில் இருக்கும்போது கருத்தரித்து நல்லபடியாகப் பிள்ளை பெறலாம், நிறையப் பேர் பெற்றிருக்கிறார்கள். இது திருமணத்துக்குத் தடை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, அதுவே என்று நான் முடிவுகட்டவில்லை. சீதபேதியும் இப்படித்தான் தொடங்கும். அமீபா, ஷிகெல்லா போன்ற கிருமிகள் சளியும் ரத்தமுமாகப் போக வைக்கும். பாக்டீரியா கிருமி என்றால் பொதுவாகக் காய்ச்சலோடு வந்து சில நாளில் ஒரு முடிவுக்கு வந்துவிடும். அமீபா மட்டும் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் அழற்சி நோய் என்று சொல்லி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து தொடங்குவதற்கு முன்னால் மலப் பரிசோதனையில் அமீபா இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும். அமீபா இருக்கிற குடலுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு நேர்மாறான தவறும் நம் ஊரில் சகஜம். ஒவ்வொரு தடவையும் மெடிக்கல் ஷாப்பில் அமீபாவுக்கான மெட்ரோனிடசோல் மாத்திரை வாங்கிப் போட்டு, கொஞ்சம் குறைந்ததும் விட்டு, ஒரு வருடம் கழித்து ஹீமோகுளோபின் ஆபத்தான அளவுக்கு, 6-க்கு இறங்கிய பிறகு வருவார்கள். குடல் காசநோயும் இங்கே மறக்கக் கூடாத ஒன்று. அதில் ரத்தத்தைவிட வயிற்று வலியும், எடை குறைவதும், மாலைக் காய்ச்சலும்தான் பெரும்பாலும் முன்னால் தெரியும்.

இந்தப் பதிலை வேறு இளைஞர்களும் படிப்பார்கள் என்பதால் இரண்டு காரணங்களைக் கூச்சப்படாமல் எழுதுகிறேன். கழிப்பறையில் வெகுநேரம் உட்கார்ந்து முக்கி, முழுசாகப் போகாததுபோல இருக்கிறதே என்று விரலை விட்டு எடுக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு மலக்குடலில் தனிப் புண் ஒன்று வந்து சளியும் ரத்தமும் வரும். முக்குவதை விடப் பயிற்சி கொடுத்தாலே பாதி சரியாகும். அப்புறம், ஆசனவாய் வழி உடலுறவு உள்ளவர்களுக்குக் கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், ஹெர்பிஸ் போன்ற தொற்றுகள் மலக்குடலில் வந்து இதே அறிகுறியைக் காட்டும். ஆணோ பெண்ணோ, டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். சொன்னால் சரியான பரிசோதனை, சரியான மருந்து. சொல்லாவிட்டால் மாதக்கணக்கில் மூலத்துக்கு மாத்திரை. பெண்களில் சிலருக்கு ஒவ்வொரு மாதவிலக்கின்போதும் மட்டும் மலத்தில் ரத்தம் வரும். கருப்பையின் உள்சவ்வு குடலில் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய விஷயம் அது. நீங்களும் தேதிகளை ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது அந்தப் பெரிய பயம். இந்த வயதில் புற்றுநோய் வருமா? வரும். 28 வயதில் ரத்தம் வருகிற நூறு பேரைக் கூட்டி நிறுத்தினால் மிகப் பெரும்பாலோருக்கு வெடிப்போ மூலமோதான் இருக்கும். ஆனால் ‘சின்ன வயசு, அதெல்லாம் வராது’ என்று சொல்லும் உரிமை எந்த மருத்துவருக்கும் இல்லை. பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் கூடிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவில் அறிகுறியே இல்லாதவர்களுக்குப் பரிசோதனை தொடங்கும் வயதை 2021-இல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மன் 2020-இல் இந்த நோயில் இறந்தபோது அவருக்கு வயது 43.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் புறநோயாளிப் பிரிவுக்கு லாரி ஓட்டுகிற ஓர் இளைஞர் வந்தார். முப்பது, முப்பத்தொன்று வயது இருக்கும். ரத்தம் போகிறது, லாரியில் உட்கார்ந்தே இருக்கிறேன், மூலம்தான் என்று அவரே சொன்னார். வெளியே நீண்ட வரிசை. நானும் களிம்பும் மாத்திரையும் எழுதி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தபோது என் மூத்த மருத்துவர் கையுறையை எடுத்து என் கையில் கொடுத்தார். விரல் எட்டுகிற தூரத்தில், கல் மாதிரி, ஒழுங்கற்ற விளிம்போடு கட்டி. முதல் நாளே ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அந்த மூன்று மாதத்தை அவருக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அதற்குப் பிறகு ரத்தம் என்று வந்த யாரையும் தொட்டுப் பார்க்காமல் நான் மருந்து எழுதியதில்லை. உங்கள் அப்பாவைப் பற்றிய அந்த ஒரு வரியைப் படித்தபோது அந்த லாரி இளைஞரின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

உங்களுக்கு நான் சொல்வது நேரடியானது. அப்பாவுக்கு 45 வயதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இளவயதில் குடல் புற்றுநோய் வந்திருந்தால், அவர்களுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாகவே, அல்லது 40 வயதில், இரண்டில் எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும் என்பது பொது விதி. அந்தக் கணக்குப்படி உங்களுக்கு 35. ஆனால் அது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான கணக்கு. உங்களுக்கு இரண்டு மாதமாக அறிகுறி இருக்கிறது, நீங்கள் 35 வரை காத்திருக்க வேண்டியவர் இல்லை. இப்போதே செய்ய வேண்டும். அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். அப்பா வழியில், அத்தை, பெரியப்பா, தாத்தா என்று யாருக்காவது குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ இருந்ததா? இந்த இரண்டும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருகிற பரம்பரைக் கோளாறு ஒன்று இருக்கிறது. அப்படி இருந்தால் 20 வயதுகளிலேயே குடலைப் பார்க்கத் தொடங்குவார்கள், மரபணுப் பரிசோதனையும் சொல்வார்கள்.

பரிசோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன் என்றேனே. முழங்காலை மார்போடு மடக்கி இடது பக்கமாகப் படுக்கச் சொல்வார்கள். இடுப்புக்கு மேலும் கீழும் துணி போர்த்தியிருக்கும். முதலில் வெளியே பார்ப்பார்கள், வெடிப்பு இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு கையுறை போட்டு, ஜெல் தடவி, ஒரு விரலால் உள்ளே சுற்றிலும் தொட்டுப் பார்ப்பார்கள். மொத்தமே ஒரு நிமிடத்துக்குள் முடியும். வெடிப்பு ஆறாமல் வலித்தால் அன்று விரல் விடக் கூடாது. வற்புறுத்த மாட்டார்கள், மயக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. ஆண் மருத்துவராக இருந்தால் அறையில் ஒரு நர்ஸ் கூட இருக்க வேண்டும், அம்மாவையும் வைத்துக்கொள்ளலாம். ‘நிறுத்துங்கள்’ என்று நீங்கள் சொன்னால் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

கொலனோஸ்கோப்பியில் கஷ்டமான பகுதி முந்தின நாள்தான். குடலைச் சுத்தமாக்க மருந்துத் தூளைக் கரைத்து இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை குடிக்கச் சொல்வார்கள். ருசி நன்றாக இருக்காது, குளிர வைத்து மெதுவாகக் குடித்தால் இறங்கும். மறுநாள் லேசான மயக்க ஊசி. பெரும்பாலானோருக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். புண் இருந்தால் அதிலிருந்து துளி சதை எடுத்து அனுப்புவார்கள். சதைமொட்டு இருந்தால் பல நேரம் அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார்கள். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படிப்பட்ட மொட்டில் இருந்து பல வருடம் எடுத்துத்தான் உருவாகிறது, மொட்டிலேயே எடுத்துவிட்டால் அந்தப் பாதை அங்கே அறுந்துவிடும். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் இதற்கென்று குடல் இரைப்பைத் துறை இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். கொலனோஸ்கோப்பிக்குத் தேதி கிடைக்கும்வரை ஹீமோகுளோபின், இரும்புச்சத்து அளவு, உடம்பில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, மலத்தில் கால்ப்ரொடெக்டின் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். கால்ப்ரொடெக்டின் கூடியிருந்தால் குடலில் அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். படி ஏறினால் மூச்சு வாங்குவது ரத்தசோகையாக இருக்கலாம். காரணம் தெரியாமல் இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு இருக்காதீர்கள். அந்த மாத்திரை மலத்தைக் கருப்பாக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பீட்ரூட்டும் சிவப்பு டிராகன் பழமும் மலத்தைச் சிவப்பாக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

தார் மாதிரி கருப்பாக, பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்தோடு போனால் அது பெரும்பாலும் இரைப்பையிலிருந்தோ சிறுகுடலின் தொடக்கத்திலிருந்தோ வருகிற ரத்தம். அப்படிப் போனாலோ, கட்டி கட்டியாக ரத்தம் கொட்டினாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, காய்ச்சலோடு வயிறு வீங்கி வலித்தாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கொலனோஸ்கோப்பி முடியும்வரை தலைவலி, மாதவிலக்கு வலி எதற்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போடாதீர்கள், குடல் புண்ணை அவை மோசமாக்கும். பாரசிட்டமால் போதும். மெடிக்கல் ஷாப் ஆயின்ட்மென்ட்டையும் நிறுத்துங்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும்.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில்’ என்று ஒட்டியிருக்கிற இடங்களுக்கு மட்டும் போய்விடாதீர்கள். என்ன மருந்து என்று தெரியாமல் ஊசி போட்டு, ஆசனவாயே சுருங்கிப் போய், மலம் போக வழியில்லாமல் வந்தவர்களுக்கு நான் அறுவை சிகிச்சை செய்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

அம்மா கொடுத்த மோரில் தப்பு ஒன்றும் இல்லை, வெந்தயத்தில் நார்ச்சத்தும் இருக்கிறது. அந்த வெடிப்பு மறுபடி வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம் உட்காருவது, இசப்கோல் உமியைப் பெரிய டம்ளர் தண்ணீரோடு குடிப்பது, இறுகிய சுருக்குத்தசையைத் தளர்த்த மருத்துவர் எழுதித் தருகிற டில்டயசெம் களிம்பை ஆறிலிருந்து எட்டு வாரம் விடாமல் போடுவது என்று பெரும்பாலும் கத்தி இல்லாமலே ஆற்றிவிடலாம். ஆனால் இப்போது பேதி இருக்கிறபோது இசப்கோலை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. பள்ளியில் காலை எட்டு மணியிலிருந்து நாலரை வரை கழிப்பறைக்குப் போவீர்களா? தண்ணீர் குடிப்பீர்களா? நான் பார்த்த ஆசிரியைகளில் பாதிப் பேர் போக மாட்டார்கள், போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். மலம் உள்ளே தங்கத் தங்கக் குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதல் வெடிப்பு அப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன். நூறு பிள்ளைகளுக்குச் சுத்தம், சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குப் பூட்டுப் போடக்கூடிய, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை இல்லாதது எனக்குக் கோபம் வருகிற விஷயம். குணமான பிறகு மற்ற ஆசிரியைகளோடு சேர்ந்து நிர்வாகத்திடம் கேளுங்கள்.

இந்த வாரமே ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போங்கள். எத்தனை தடவை போனது, ரத்தம் எப்படி வந்தது, ராத்திரி எழுந்தது எந்தெந்த நாள், எடை எவ்வளவு, என்னென்ன மருந்து போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் வாய் திறக்கக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டினால் போதும். அப்பாவின் பழைய ஃபைல் வீட்டில் இருந்தால் பயாப்சி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று யாராவது இருந்தால் அந்த 35 வயதுக் கணக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.